நூற்றிருபது சென்டிமீட்டர் உயரத்தில் சின்னவர்

மதிப்பிற்குரிய பெரிய அத்தான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம். உங்கள் உடல்நிலையும், கண் அறுவைக்குப் பிறகு பார்வையும் சீராக இருக்கும் என்று நம்பி, எழுத்தைச் சற்றுப் பெரிதாகவே எழுதுகிறேன். வாசித்துச் சொல்ல யாரையும் கூப்பிட வேண்டாம். கூப்பிட்டால் அவர்கள் வாசிப்பதோடு நிற்கமாட்டார்கள்.

முதலில் ஒரு திருத்தம். நான் உங்கள் கடைசித் தம்பி சின்னவரை மூன்று மணி நேரம் கட்டித் தொங்கவிட்டேன் என்று நம் குடும்பத்தில் ஒரு பேச்சு உலாவுகிறது. மூன்று மணி நேரம் அல்ல. செவ்வாய்க்கிழமை மாலை நான்கு நாற்பது முதல் ஆறு இருபது வரை, ஒரு மணி நாற்பது நிமிடம். சிகிச்சை அறையில் டாக்டரின் சுவர்க்கடிகாரம் எதிரிலேயே இருக்கிறது. அது ஒரு நாளும் நின்றதில்லை. நான் யாரையும் கட்டவும் இல்லை. பல் மருத்துவரின் நாற்காலியில் கட்டுவதற்கு வாரே கிடையாது. தொங்கவிட்டேன் என்ற சொல்லே தவறு. தொங்குகிறவருக்குப் பிடிமானம் மேலே இருக்க வேண்டும். சின்னவருக்குப் பிடிமானம் கீழே இருந்தது. அவரைத் தாங்கியது இரண்டு லிட்டர் எண்ணெய். நன்றாகவே தாங்கியது.

இதைச் சொன்ன அதே வாய்கள்தான், எனக்கு ஒரு வாளித் தண்ணீர் தூக்கவும் தெம்பில்லை, தனியாக விடக்கூடாது என்றும் சொல்கின்றன. வாளி தூக்க முடியாதவள் நூற்றெட்டுக் கிலோ ஆளைத் தூக்கினாள் என்று ஒரே மூச்சில் சொல்ல நம் வீட்டு மனிதர்களால் மட்டும்தான் முடியும். வாளி விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எல்லோரையும் கூட்டி இரண்டு முடிவுகள் சொல்லப் போவதாக அறிந்தேன். டாக்டரின் சிகிச்சை அறையைக் காலி செய்து நாற்காலியைப் பழைய இரும்புக்குக் கொடுப்பதா என்பது ஒன்று. என்னை இங்கிருந்து கிளப்பிச் சின்னவர் வீட்டுப் பின்னறையில் வைப்பதா என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் உங்களிடம் சொன்னார்களாம். நாற்காலியும் நானும் ஒரே வண்டியில் ஏறுவதாக ஏற்பாடு போலும். நீங்கள் நாற்பது ஆண்டு நீதிமன்றத்தில் பதிவெழுத்தராக இருந்தவர். வாய்ப்பேச்சு எங்கே முடிகிறது, சாட்சியம் எங்கே தொடங்குகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமைகளில் நான் சிகிச்சை அறையைத் துடைப்பது வழக்கம். டாக்டர் போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. (என் கணவரை நான் டாக்டர் என்றுதான் சொல்வேன் என்பதும், திருமணத்தன்றே நீங்கள் அதற்குச் சிரித்ததும் நினைவிருக்கும்.) அன்று நாற்காலியின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சின்னவர் வந்தார். தனியாக வரவில்லை. மீசை வைத்த ஒருவர், தோளில் சிவப்புத் துண்டு போட்ட ஒருவர் என இரண்டு சுமைதூக்கும் ஆட்களும், வாசலில் தள்ளுவண்டியோடு ஒரு பழைய இரும்பு வியாபாரியும் வந்திருந்தார்கள். எனக்கு முன்னறிவிப்பு எதுவும் இல்லை.

"என்ன அண்ணி, இன்னுமா இதைத் துடைச்சுக்கிட்டு இருக்கீங்க? உக்கார ஆளே இல்லாத நாற்காலிய?" என்றார்.

"ஆள் வந்தா தூசியிலயா உக்கார வைக்கிறது?" என்றேன்.

அவர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு ஆட்களுக்குக் கண் காட்டினார். மீசைக்காரர் நாற்காலியைக் கட்டிப்பிடித்து ஒரு முறை முக்கினார். சிவப்புத் துண்டுக்காரர் மறுபக்கம் பிடித்தார். இருவர் முகமும் துண்டின் நிறத்துக்கு வந்தன. நாற்காலி அப்படியே இருந்தது.

"ஐயா, இது நாற்காலி இல்லைங்க, மரம். தரைக்குள்ள வேரு விட்டிருக்கு" என்றார் மீசைக்காரர்.

வேர் இல்லை, நான்கு போல்ட்டுகள். டாக்டரே நின்று இறுக்கவைத்தவை. நாற்காலிக்குக் கீழே முப்பது சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு செங்கல் மேடையும் உண்டு. வேறு எந்தப் பல் மருத்துவரிடமும் அப்படியொரு மேடை பார்த்திருக்கமாட்டீர்கள். டாக்டர் ஆறடி இரண்டு அங்குலம். குனிவது அவருக்குப் பிடிக்காது, யாருக்கும், எதற்கும். அந்த மேடை நினைவிருக்கட்டும், பின்னால் தேவைப்படும்.

ஆட்கள் மூச்சு வாங்கிய நேரத்தில் சின்னவர் நாற்காலியின் மிதியைக் காலால் நான்கைந்து முறை அழுத்தினார். மிதி பஞ்சில் அழுத்தியது போலப் புதைந்ததே தவிர, இருக்கை அசையவில்லை.

"பாத்தீங்களா அண்ணி? பம்ப்பு செத்துப் போச்சு. செத்துப்போனதை வீட்ல வெச்சுக்கிட்டு…" என்று தொடங்கியவர், எதிர்ச்சுவரில் டாக்டரின் படத்தைப் பார்த்துவிட்டு வாக்கியத்தை முடிக்காமல் விட்டார். அவ்வளவு நாகரிகம் அவரிடம் உண்டு. அதையும் பதிவு செய்கிறேன்.

அத்தான், அந்த நாற்காலி நாற்பத்தாறு ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கிறது. டாக்டர் வாய்க்குள் பார்ப்பார். நாற்காலிக்குள் பார்ப்பது என் வேலை. பதினேழு முறை எண்ணெய் மாற்றியிருக்கிறேன். மிதி புதைகிறது என்றால் பம்ப்பு செத்துவிட்டது என்று பொருள் அல்ல, குழாயில் காற்று புகுந்திருக்கிறது என்று பொருள். எண்ணெய் அழுத்தினால் சுருங்காது. இந்தப் பக்கம் தள்ளியதை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். காற்று அப்படி இல்லை. மிதிக்கும்போது சுருங்கும், விட்டதும் விரியும், வேலை எதுவும் செய்யாது, ஆனால் உஸ் உஸ் என்று சத்தம் மட்டும் வரும். நம் குடும்பத்திலும் இப்படிச் சிலர் உண்டு. யாரென்று எழுதவில்லை.

நான் மேசை இழுப்பறையிலிருந்து திருகுச் சாவியை எடுத்து, பம்ப்பின் பக்கவாட்டில் இருக்கும் சிறு திருகைத் தளர்த்தி, மெதுவாக மிதித்தேன். குமிழி குமிழியாகக் காற்று வந்தது. பிறகு குமிழி இல்லாமல் எண்ணெய் மட்டும் வந்தது. திருகை இறுக்கினேன், துணியால் துடைத்தேன். நான்கு ஆண்பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர்கூட என்ன செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை.

"தம்பி, உக்காருங்க" என்றேன் சின்னவரிடம்.

"நானா?"

"செத்துப் போச்சா, உசுரோட இருக்கான்னு பாத்துடலாம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணி, நீங்க இருக்கறதே நாப்பத்தோரு கிலோ. இது மட்டும் என்னைத் தூக்கிட்டா, இந்த நாற்காலியப் பத்தி இனிமே நான் வாயே திறக்கல" என்று சொல்லிவிட்டு, மேடை மேல் ஏறி, உட்கார்ந்தார். அவராகவே உட்கார்ந்தார் என்பதை அடிக்கோடிட்டு வாசிக்கவும்.

"ஐயா எவ்ளோ கிலோ இருப்பீங்க?" என்று கேட்டார் சிவப்புத் துண்டுக்காரர்.

"நூறு இருக்கும்" என்றார் சின்னவர்.

நூற்றெட்டு. அவர் மனைவி என்னிடம் சொன்ன எடை. நாற்காலியின் மேற்பகுதி அறுபது கிலோ. ஆக நூற்று அறுபத்தெட்டுக் கிலோ. நான் மிதியில் வலது காலை வைத்து, சுவரில் ஒரு கையை ஊன்றி, மிதிக்கத் தொடங்கினேன். முதல் மிதியிலேயே இருக்கை ஒரு விரற்கடை எழுந்தது. ஐந்தாவது மிதியில் சின்னவர் சிரிப்பை நிறுத்தினார். பத்தாவதில் கைப்பிடிகளைப் பற்றினார். முப்பதாவது மிதியில் நாற்காலி தன் முழு உயரத்துக்குப் போய் நின்றது. அது நாற்பது சென்டிமீட்டர் ஏற்றம். கீழே இருக்கும்போது இருக்கையின் உயரம் ஐம்பது, டாக்டருடைய மேடை முப்பது. கூட்டிக்கொள்ளுங்கள்: சின்னவர் நூற்றிருபது சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தார். வழக்கப்படி சாய்மானத்தையும் சாய்த்துவிட்டேன். அதில் உள்நோக்கம் எதுவும் இல்லை. மேலே போனவரைச் சாய்ப்பது நாற்பத்தாறு ஆண்டுகளாக என் கை தானாகச் செய்யும் வேலை. கழுத்தில் துண்டும் கட்டியிருப்பேன். நல்லவேளை, சலவைக்குப் போயிருந்தது.

"எப்படி இருக்கு தம்பி?"

"நல்லாத்தான் இருக்கு அண்ணி" என்றார். உண்மையைச் சொல்கிறேன், நிறைவாகச் சொன்னார்.

என் காலில் எவ்வளவு பலம் தேவைப்பட்டது தெரியுமா? பத்தொன்பது கிலோவுக்கும் சற்றுக் குறைவு. மிச்சத்தை எண்ணெய் செய்தது. இதில் மந்திரம் இல்லை. மிதிக்கு அடியில் இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு சிறு உருளை, இருக்கைக்கு அடியில் ஆறு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பெரிய உருளை, நடுவில் ஒரு குழாய், உள்ளே எண்ணெய். அடைத்துவைத்த எண்ணெயில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் குறையாமல் போகும். சிறிய உருளையின் முகத்தில் ஒரு பங்கு பரப்பு என்றால், பெரிய உருளையில் ஒன்பது பங்கு. அதே அழுத்தம் ஒன்பது பங்கு இடத்தில் தள்ளினால் ஒன்பது மடங்கு விசை. இதை நான் மேலே இருந்தவருக்கும் விளக்கினேன்.

"ஆறு சென்டிமீட்டர், ரெண்டு சென்டிமீட்டர். மூணு மடங்குதானே அண்ணி வரும்? ஒம்போது எங்கேருந்து வந்துது?" என்றார் அவர், கூரையைப் பார்த்தபடி.

"அகலம் மூணு மடங்கு. வட்டத்தோட பரப்பு மூணு மூணா ஒம்போது. பள்ளிக்கூடத்துல எங்க சிஸ்டர் இதுக்கு முட்டி போட வெச்சிருப்பாங்க உங்கள."

எங்கள் கான்வென்ட்டில் அறிவியல் எடுத்த சிஸ்டர் என்னைவிடக் குள்ளம். கரும்பலகையின் மேல்பாதிக்கு அவர் கை எட்டாது. ஆனால் அவர் வகுப்பில் யாரும் பேசியதில்லை. "சிறியது பெரியதைத் தூக்கும், பொறுமை இருந்தால்" என்பார். அந்தப் பொறுமைக்கும் ஓர் அளவு உண்டு, அத்தான். எண்ணெய் சும்மா கொடுக்காது. சின்னவர் நாற்பது சென்டிமீட்டர் உயர்வதற்கு என் கால் முப்பது முறை, மொத்தம் மூன்று மீட்டர் அறுபது சென்டிமீட்டர் இறங்க வேண்டியிருந்தது. விசையில் ஒன்பது மடங்கு லாபம், தூரத்தில் ஒன்பது மடங்கு நட்டம். இந்த வரியை மறக்க வேண்டாம்.

சரி, பார்த்தாயிற்று. நாற்காலி செத்துப்போகவில்லை என்று நிரூபணமும் ஆயிற்று. சின்னவர் எழுந்திருக்கப் பார்த்தார். வயிறு குறுக்கே வந்தது. மல்லாந்த ஆமை போல இரண்டு முறை அசைந்தார். காலைத் தொங்கவிட்டுப் பார்த்தார். தரை கண்ணுக்கே தெரியவில்லை. அவருக்கு முழங்கால் வலி இருப்பது உங்களுக்குத் தெரியும்.

"இறக்குங்கப்பா" என்றார், ஆட்களைப் பார்த்து.

ஆட்கள் இறக்கத்தான் பார்த்தார்கள். மீசைக்காரர் இருக்கையை மேலிருந்து அழுத்தினார். சிவப்புத் துண்டுக்காரர் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினார் (அன்றைய மாலையில் தொங்கிய ஒரே ஆள் அவர்தான்). பிறகு, பாரம் போதவில்லை போலிருக்கிறது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு, அவர் சின்னவரின் மடியிலேயே ஏறி உட்கார்ந்தார். மீசைக்காரர் கால்பலகையில் ஏறினார். நாற்காலியின் மேல் இப்போது மூன்று ஆண்கள். நூற்று முப்பது கிலோ கூடுதல். அத்தான், எனக்கு எழுபத்து மூன்று வயதாகிறது. பெருமைப்படக்கூடாது என்று சிஸ்டர் சொல்லித்தான் வளர்த்தார். ஆனாலும் நாற்காலி ஒரு மயிரிழைகூட இறங்காமல் நின்றதைப் பார்த்தபோது நான் நிமிர்ந்து நின்றேன். அந்த எண்ணெயை மாற்றியவள் நான். எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தைப் போட்டவளும் நான்.

ஏன் இறங்கவில்லை? எண்ணெய் போகும் வழியில் ஒரு சிறு எஃகுக் குண்டு இருக்கிறது. எண்ணெய் உள்ளே போகும்போது விலகி வழிவிடும். திரும்பி வரப்பார்த்தால், அந்த எண்ணெயின் அழுத்தமே குண்டைத் துளையில் வைத்து அடைத்துவிடும். மேலே பாரம் கூடக்கூட அடைப்பு இறுகும். பலத்தைக் காட்டினால் அது இடம் கொடுக்காது. இதை அந்த நால்வரும் அறியவில்லை. ஏன் இறங்கவில்லை, ஏன் இறங்கவில்லை என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

பழைய இரும்பு வியாபாரி தள்ளுவண்டியிலிருந்து சம்மட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். நான் குறுக்கே நின்றேன். "அடிச்சா ஒடையும். ஒடைஞ்சா எண்ணெய் பீய்ச்சும். பீய்ச்சினா மேல இருக்கறவர் ஒரேயடியா வருவார்" என்றேன். மேலே இருந்தவர், "சம்மட்டிய வண்டியில வைய்யா மொதல்ல!" என்று கத்தினார். அந்த ஒரு விஷயத்தில் நானும் அவரும் முழு உடன்பாட்டில் இருந்தோம்.

எனக்குக் கால் வலித்தது. டாக்டருக்கு உதவும்போது நான் உட்காரும் சிறு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சும்மா இருப்பானேன் என்று ஆட்களுக்கு ஒரு சோதனை செய்துகாட்டினேன். ஊசி மாட்டாத இரண்டு ஊசிக்குழாய்கள், ஒன்று சிறியது, ஒன்று பெரியது. இரண்டிலும் தண்ணீர். நடுவில் ஒரு மெல்லிய குழாய். பெரியதை மீசைக்காரரிடம் கொடுத்தேன், சிறியதை நான் வைத்துக்கொண்டேன். "கட்டை விரலால தள்ளுங்க, நானும் தள்றேன்" என்றேன். மூட்டை தூக்கிய கை அது. என் கட்டைவிரல் அவருடைய சுண்டுவிரல் அளவு இருக்கும். என் பக்கம் உள்ளே போனது, அவர் பக்கம் வெளியே வந்தது.

"அம்மா, விரல்ல என்னம்மா வெச்சிருக்கீங்க?"

"தண்ணி."

"இன்னொரு தடவை" என்றார். மூன்று தடவை செய்தோம். பிறகு சிவப்புத் துண்டுக்காரருக்குச் சிறியதைக் கொடுத்தபோது அவரும் மீசைக்காரரை ஜெயித்தார். "டிப்பர் லாரி மண்ணைக் கொட்டுறது இப்படித்தானாம்மா? இருவது வருஷமா பக்கத்துல நின்னு பாக்கறேன், யாரும் சொல்லலையே!" என்றார். நான் பாடம் நடத்திச் சின்னவரை அவமானப்படுத்தியதாக ஒரு பேச்சு இருக்கிறதல்லவா, அந்தப் பாடம் இதுதான்.

பல்லைப் பிடுங்கப் பார்த்தேன் என்பதும் பொய். வாய் திறந்திருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கையருகில் கண்ணாடி இருந்தது. பார்த்தேன். பார்ப்பது சிகிச்சை ஆகாது. கீழ்வரிசையில் இடப்பக்கம் கடைசிக்கு முந்தைய பல்லில் ஒரு பள்ளம் இருக்கிறது. இதை அவர் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார் என்பதால் நான் சொல்கிறேன். தாமதிக்காமல் ஒரு மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

இதற்கிடையில் அவர் சட்டைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்தார். முதலில் மனைவியை அழைத்தார். "அண்ணி என்னை மேல ஏத்தி வெச்சிருக்காங்க" என்றார், அது உண்மைதான். பிறகு மேலே இருந்தபடியே இன்னும் ஐந்து பேரை அழைத்தார். இரண்டாவது அழைப்பில் இறக்கமாட்டேன் என்கிறார்கள் என்றார். நான்காவதில் தொங்கினார். ஆறாவதில் கயிறு வந்துவிட்டது. என் எதிரிலேயே, என் காதுபட. சிறிய உருளையில் கொடுத்த அழுத்தம் குழாய் வழியாகப் போய்ப் பெரிய உருளையில் ஒன்பது மடங்காக வெளிவருவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு சிஸ்டருக்கும் கிடைத்திருக்காது. உங்கள் வீட்டுக்கு வந்துசேர்ந்தது ஏழாவது அல்லது எட்டாவது மடங்கு என்று நினைக்கிறேன்.

அழைப்புகள் முடிந்ததும் அவருக்குச் செய்ய வேலை இல்லை. கூரையைப் பார்த்தார். அங்கே டாக்டர் ஒட்டிய உலக வரைபடம் இருக்கிறது, படுத்திருப்பவருக்கு நேராகத் தெரியும்படி.

"அண்ணி, இது அண்ணன் ஒட்டினதுதானே? அப்பவே இருந்துதே?"

"அப்பவேதான். பயந்தவங்ககிட்ட, இதுல எந்த ஊருக்குப் போகணும்னு கேப்பார். சொல்றதுக்கு வாயைத் திறந்ததும் ஊசியப் போட்டுருவார்."

சின்னவர் வரைபடத்தை மறுபடி பார்த்தார். பிறகு அவர் வயிறு குலுங்கத் தொடங்கியது. முதலில் எனக்குக் கவலையாகிவிட்டது. பிறகுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. "எனக்கும் அதையேதான் பண்ணான்! இந்த நாற்காலி வந்த அன்னிக்கி. மொதல் ஆளா என்னைத்தான் உக்கார வெச்சான். எங்கடா போகணும்னான். கடலுக்குன்னு சொல்ல ஆரம்பிச்சேன். 'க'னாவோட முடிஞ்சுது. நான் அவன் விரலைக் கடிச்சிட்டேன் அண்ணி!"

"தெரியும். கட்டுப் போட்டது நான்."

அவருக்கு அப்போது இருபத்தொரு வயது. எனக்கு நினைவிருக்கிறது, அவருக்கு மறந்துபோயிருந்தது. அத்தனை எடையோடு அங்கே படுத்துக்கொண்டு, கண்ணின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டார். ஆட்கள் நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இருக்கட்டும் அண்ணி. நாற்காலி இருக்கட்டும். நீங்களும் இங்கயே இருங்க. நான் பெரியண்ணன்கிட்ட சொல்லிக்கறேன்." மூன்று முறை சொன்னார். சாட்சிகள்: மீசைக்காரர், சிவப்புத் துண்டுக்காரர், பழைய இரும்பு வியாபாரி. வியாபாரி தன் பங்குக்கு, "வேலை செய்யற பொருளைப் பழைய இரும்புன்னு ஏத்திக்கிட்டுப் போக எனக்கு மனசு வராதுங்க" என்று சொல்லிவிட்டு, வெறும் வண்டியோடு போனார்.

சின்னவர் மனைவி வந்தாள். ஆறு இருபதுக்குச் சின்னவர் தரையில் நின்றார். தேநீர் கொடுத்தேன், சர்க்கரை வேண்டாம் என்றார், பிறகு கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். தான் கொடுத்த வாக்கை அவர் அங்கே மறுக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், ஆறு பேருக்குச் சொன்ன கதைக்கும் எனக்குச் சொன்ன வாக்குக்கும் இடையில் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். கதையைத் திரும்ப வாங்குவதைவிட வாக்கைத் திரும்ப வாங்குவது எளிதல்லவா?

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இதுதான். மூன்று சாட்சிகள் முன்னிலையில் சின்னவர் தந்த வாக்கின்படி, நாற்காலி அதன் இடத்தில் இருக்கட்டும். நான் என் இடத்தில் இருக்கிறேன். இத்துடன் அந்த இரண்டு ஊசிக்குழாய்களையும் குழாயையும் கழுவிச் சுத்தமாக அனுப்பியிருக்கிறேன். பெரியதை உங்கள் மருமகனிடம் கொடுத்துவிட்டு, சிறியதை நீங்கள் தள்ளிப்பாருங்கள். எண்பத்து மூன்று வயதில் ஒரு வெற்றி கிடைப்பது உடம்புக்கு நல்லது.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும், சிறியவர்களுக்கு ஆசியும், தொலைபேசியில் பேசுகிறவர்கள் எல்லோருக்கும் நல்ல ஞாபகசக்தியும் உரித்தாகட்டும்.

மரியாதையுடன்,
உங்கள் தம்பியின் மனைவி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் கடிதத்தை ஒருமுறை வாசித்தேன். இதில் பொய் ஒரு வரியும் இல்லை. ஆனால் தெரிந்த விடையை எழுதாமல் விட்டால் தவறாக எழுதியதைவிட அதிக மதிப்பெண் குறைப்பார் சிஸ்டர். அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். அந்த நாற்காலியை இறக்குவதற்கு அதே மிதியை அடிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டால் போதும். எஃகுக் குண்டு விலகும், எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும், நாற்காலி இறங்கும். சின்னவரோடு பதினொரு விநாடி ஆனது. இது எனக்கு நாற்பத்தாறு ஆண்டுகளாகத் தெரியும். ஐந்து பத்துக்குச் சின்னவர், "அண்ணி, இது இறங்குமா, இறங்காதா?" என்று கேட்டார். "இறங்கும்" என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. ஆறு பத்தொன்பதுக்கு அவர் மனைவி உள்ளே வந்து, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல், "அக்கா, இதை எப்படி இறக்கறது?" என்றாள். சொன்னேன். ஆகையால், நூற்றிருபது சென்டிமீட்டர் உயரத்தில் வாங்கிய வாக்கு செல்லாது என்று நீங்கள் கருதினால், அதைப் பதிவிலிருந்து அடித்துவிடுங்கள், நான் மறுக்கமாட்டேன்.

வாளி விஷயம். அது உண்மை. போன மழைக்காலத்திலிருந்து நிறைந்த வாளியை என்னால் தூக்க முடியவில்லை. பாதி வாளியாக நிரப்பி, இரண்டு நடை நடக்கிறேன். பலம் பாதி, தூரம் இரட்டிப்பு. சமையலறைக்கு வந்து சேரும் தண்ணீர் அதே அளவுதான். அந்த நாற்காலி நாற்பத்தாறு ஆண்டுகளாக இதைத்தான் செய்கிறது. அதற்குத் தெம்பில்லை என்று மூன்று ஆண்கள் ஏறி உட்கார்ந்து பார்த்த பிறகும் யாராலும் சொல்ல முடியவில்லை. வாக்கை அடித்துவிட்டு, இதை மட்டும் வைத்து முடிவு செய்யுங்கள்.

முடிவு எதுவானாலும் தொலைபேசியில் சொல்ல வேண்டாம். உங்கள் கையெழுத்தில் பதில் எழுதி அனுப்பவும்.